பர்னபாஸ் எதை விட்டுப் போனார்

பெங்களூருக்குக் கிழக்கே மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தில் டிம்பர் வேலை பார்த்துவந்த பர்னபாஸ், இரண்டாயிரமாவது ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி காலை பத்து மணி சுமாருக்கு, காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது இறந்துபோனார். வயது ஐம்பத்து நான்கு. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. இருபத்தொன்பது வருடத்தில் அவர் முட்டுக் கொடுத்த இடம் எதுவும் சரிந்ததில்லை என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். நெஞ்சுக்குள் போய்ச் சேர்ந்த பாறைத் தூசிக்கு முட்டுக் கொடுக்க யாருக்கும் வழி தெரியவில்லை.

அந்தச் சாவில் அப்போது எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லைனில் இருந்த முப்பத்திரண்டு வீட்டாரும் வந்தார்கள். பாதிரியார் வந்தார். கம்பெனி ஆபீசிலிருந்து ஜிகினா நாடா கட்டிய ஒரு மலர்வளையம் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு எல்லோரும் குளித்துவிட்டுத் திரும்பினார்கள்.

கம்பெனியின் சட்டம் எளிமையானது. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் அவர் குடியிருந்த லைன் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றித் தரவேண்டும். வேலையை விட்டுப் போனால் வீட்டையும் விட்டுப் போகவேண்டும். பர்னபாஸின் மனைவி இசபெல்லாவுக்கு அந்த ஒற்றை அறையையும் சமையல்கட்டையும் தவிர உலகத்தில் வேறு இடம் கிடையாது. பிள்ளைகள் இல்லை. பிறந்த வீடு என்று ஒன்று இருந்ததும் அண்ணன் போனதோடு போயிற்று. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், வீட்டை மாற்றித் தரச் சொல்லி மனு எழுதிக்கொள்ள அவள் ராபர்ட்சன்பேட்டைக்குப் போனாள். மனு ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்பது விதி.

மார்க்கெட் வாசலில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆர்தர், நாற்பது வருடமாக மனு அடிப்பவர். மரியாதையான ஆங்கிலம் என்றால் ஆர்தர் என்று பேர் வாங்கியவர்.

“இன்னா எழுதணும் சிஸ்டர்?”

“எங்க வூட்டுக்காரரு எங்கள வுட்டுட்டுப் பூட்டாரு. வூட்ட எம்பேருக்கு மாத்திக் குடுக்கச் சொல்லி எழுதுங்க.”

செத்துவிட்டார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆர்தரும் அடக்கத்துக்கு வந்தவர்தான். தாளைச் சொருகிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். “‘டைடு’ன்னு போட்டா நாயி பூனைக்கு எழுதற மாதிரி கீது. ‘எக்ஸ்பயர்டு’னா மருந்து பாட்லு. நீங்க சொன்னதுதான் கரெக்டு. ‘லெஃப்ட் அஸ்’. அந்தக் காலத்துல தொரைங்க இப்டித்தான் எழுதுவாங்க.”

என் கணவர் ஒன்பதாம் தேதி எங்களை லெஃப்ட் என்று மனு தயாரானது. இறப்புச் சான்றிதழையும் பின்னால் குத்தி இசபெல்லா ஆபீசில் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து ரிஜிஸ்டர் தபால் ஒன்று வந்தது. அது பர்னபாஸுக்கு வந்திருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்று தபால்காரர் திருப்பி அனுப்பினார். ஒரு வாரத்தில் இன்னொன்று வந்தது. மூன்றாவதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ‘லெஃப்ட்’ என்பது ‘லீவ்’ என்ற வினையின் இறந்தகாலம். ‘லீவ்’ என்றால் விடுப்பு. நீர் ஒன்பதாம் தேதியிலிருந்து விடுப்பில் சென்றதாக உம் மனைவியே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த விடுப்புக்கு அனுமதி பெறப்படவில்லை. உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதை நேரில் வந்து விளக்கவும். இதுதான் கடிதத்தின் சாரம்.

பக்கத்து வீட்டு வேலாயுதம் அதைப் படித்துச் சொன்னார். அவர் பர்னபாஸின் கேங்கில் வேலை பார்த்தவர். “ஆபீசுல எவனோ தூங்கிகினு டைப் அடிச்சிகிறான் அண்ணி. நேர்ல போயி சொன்னா முடிஞ்சிரும்,” என்றார்.

நேரில் போனபோது, வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் எல்லோரும் அன்பாகவே பேசினார்கள். பர்னபாஸ் நல்ல மனிதர் என்றார்கள். ஆனால் மனுவில் இருக்கும் சொல்லுக்கு அவர்களாக அர்த்தம் சொல்ல அதிகாரம் இல்லையாம். அதற்கு மாடியில் ஆங்கிலச் செம்மைப் பிரிவு இருந்தது.

அந்தப் பிரிவு தொண்ணூற்றெட்டில் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தின வருடம், சுரங்கத்தின் கீழ் லெவலில் ஊறும் தண்ணீரை இறைக்கப் புதுப் பம்பு வேண்டும் என்று மேலிடத்துக்குப் போன கடிதத்தில் ஒரு வினைச்சொல் தவறாக இருந்தது. திருத்தி அனுப்பச் சொல்லிக் கடிதம் திரும்பி வந்தது. திருத்திக்கொண்டிருக்கும்போதே லெவல் மூழ்கிவிட்டது. நிர்வாகம் இதை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொண்டது. பம்பு வாங்குவதைத் தள்ளிவைத்து, இனி இப்படி ஒரு வினைச்சொல் தவறாகப் போகாதபடி தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. காற்றோட்டமான அறை, ஒரு அதிகாரி, ஒரு கிளார்க், ஒரு பியூன், ஒரு அகராதி. அகராதி கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டில் இருந்தது. எந்தச் சொல்லைப் பார்க்கவேண்டும் என்று சீட்டு எழுதி, அதிகாரி கையெழுத்திட்டபிறகு பியூன் கை கழுவிக்கொண்டு வந்து திறப்பார். ‘எல்’ எழுத்துக்குச் சீட்டு வாங்கியவர் ‘டி’ எழுத்தைப் புரட்ட முடியாது.

பிரிவின் அதிகாரி நாகேஷ், மனுவை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

“உக்காருங்கம்மா. இந்த ‘லீவ்’ இருக்கே, இது சாதாரண வெர்ப் இல்ல. பெரிய இடத்து வெர்ப். லீவுல போறதும் லீவ்தான். ஊரை விட்டுப் போறதும் லீவ்தான். வேலையை விடறது, பொண்டாட்டிய விடறது, இருக்கறத அப்படியே விட்டு வைக்கறது, எல்லாம் லீவ். இதுல உங்க வீட்டுக்காரர் எதைச் செஞ்சாரு?”

“அதான் சர்டிபிகேட்டு வச்சிகிறேனே சார்.”

“அது கன்னடத்துல இருக்கு. எங்க பிரிவுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் அதிகாரம்.”

கிளார்க் கிருஷ்ணப்பா எழுந்து வந்து சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பூதிகோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். “மொழிபெயர்த்துட்டேன் சார். ‘டிசீஸ்ட்’னு இருக்கு, சார். செத்தவர்னு அர்த்தம்,” என்றார்.

நாகேஷ் பொறுமையாகத் தலையசைத்தார். “கிருஷ்ணப்பா, நீங்க இந்தப் பிரிவுல ரெண்டு வருஷமா இருக்கீங்க. ‘டிசீஸ்ட்’ பெயரடை. மனுவில இருக்கறது வினைச்சொல். ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? வினைக்கு வினைதான் சாட்சி.” பிறகு இசபெல்லாவைப் பார்த்து, “இன்னொண்ணு. ‘அஸ்’னு பன்மை போட்டிருக்கீங்க. உங்களுக்குப் பிள்ளைங்க இல்லன்னு ரெக்கார்டு இருக்கு. ‘எங்களை’ன்னா யாரு?”

இசபெல்லா இதை யோசித்ததில்லை. “எங்களன்னா நானும் அவரும்தான் சார். வேற யாரு கீறாங்க.”

“அப்படின்னா அவரு தன்னையும் விட்டுட்டுப் போயிருக்காரு,” என்று நாகேஷ் மனுவின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

அவள் படியிறங்கும்போது கிருஷ்ணப்பா பின்னாலேயே வந்தார். “அம்மா, சண்டை போட்டுப் புண்ணியமில்லை. முதல் மனுவை வாபஸ் வாங்கிட்டு, வேற வார்த்தை போட்டுப் புதுசா ஒண்ணு குடுத்துடுங்க. எளுதறவருக்கு ‘டைடு’ன்னே போடச் சொல்லுங்க. மரியாதையெல்லாம் வேண்டாம்,” என்றார்.

அவள் ஆர்தரிடம் போனாள். நடந்ததைக் கேட்டு ஆர்தர் முகம் வெளுத்துப் போனார். நாற்பது வருடத்தில் அவருடைய ஆங்கிலத்தின் மேல் யாரும் குற்றம் சொன்னதில்லை. அந்தப் பதற்றத்தில் இரண்டு கடிதம் அடித்தார். ஒன்று புது மனு. அதில் ‘டைடு’ என்று இருந்தது. இன்னொன்று வாபஸ் கடிதம். என் முந்தைய மனுவைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று தமிழில் நினைத்து, கைண்ட்லி லீவ் மை எர்லியர் பெட்டிஷன் என்று அடித்தார். டைப்ரைட்டரைக் கடிந்துகொண்டு என்ன பயன்? அது விசைக்கு வந்த எழுத்தைப் பதித்தது.

நாகேஷின் முடிவு ஒரு மாதத்தில் வந்தது. ‘லீவ்’ என்பதற்கு, உள்ளதை உள்ளபடியே இருக்க விடுதல் என்றும் பொருள். ஆகவே முந்தைய மனுவை அப்படியே வைத்திருக்குமாறு மனுதாரரே கேட்டுக்கொண்டிருக்கிறார். முந்தைய மனு நிலுவையில் இருக்கும்போது அதே பொருள் குறித்துப் புது மனுவை ஏற்பதற்கில்லை. புது மனு இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.

அதற்குப் பிறகு ஆர்தர் மார்க்கெட் வாசலுக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். ஒருநாள் இசபெல்லா அவர் வீட்டு வழியாகப் போனபோது வாசலில் உட்கார்ந்திருந்தவர், அவளைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்டு மாதம் பர்னபாஸ் மீதான விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாகச் சக தொழிலாளி ஒருவர் பேசலாம் என்று விதியில் இருந்ததால் வேலாயுதம் அரை நாள் கூலியை விட்டுவிட்டுச் சலவைச் சட்டையோடு வந்திருந்தார். விசாரணை அதிகாரியாக டைம் ஆபீஸ் மேலாளரும், சொல்லின் பொருளை விளக்க நாகேஷும் உட்கார்ந்திருந்தார்கள். பியூன் வராந்தாவுக்குப் போய், பர்னபாஸ், பர்னபாஸ், பர்னபாஸ் என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டு வந்தார்.

“அழைத்தும் வரவில்லைன்னு எழுதிக்கோங்க,” என்றார் மேலாளர். “இது அவரு வழக்கமா வராதவர்ங்கறதுக்கே ஒரு ஆதாரம்.”

வேலாயுதம் எழுந்தார். “சார், அவரு எப்டி வருவாரு? நான்தான சார் குழில எறக்குனேன்.”

“எந்த ஷாஃப்ட்?” என்று மேலாளர் சுரங்கக் குழியின் பெயரைக் கேட்டார்.

“ஷாஃப்ட் இல்ல சார். கல்லறைத் தோட்டத்துல.”

“நீங்க குற்றச்சாட்டுக்குள்ள நின்னு பேசுங்க. அனுமதி இல்லாம லீவுல போனாரா, இல்லையா?”

“போனாரு சார். ஆனா அது...”

“ஒப்புக்கொண்டார்னு போட்டுக்கோங்க.”

வேலாயுதத்துக்கு வேர்த்துவிட்டது. அவர் எண்ணாயிரம் அடி ஆழத்தில் வேர்த்தவர்தான். அது வேறு வேர்வை. “சார், உங்க ஆபீசுலயிருந்தே வளையம் வந்துச்சே சார். ஜிகினா கட்டிகினு. உயிரோட கீறவனுக்கா வளையம் அனுப்புனீங்க?”

மேலாளர் நாகேஷைப் பார்த்தார். நாகேஷ் புன்னகைத்தார். “பூ மரியாதைக்காகப் போடறது. மரணத்துக்கு அத்தாட்சி ஆகாது. போன மாசம் எனக்கும்தான் யூனியன்ல மாலை போட்டாங்க.”

சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த இசபெல்லா அப்போது எழுந்தாள். அதுவரை அவள் ஒருவரிடமும் சொல்லாத சொல்லைச் சொன்னாள். “செத்துட்டாரு சார். என் கண்ணெதுர்ல செத்துட்டாரு. காப்பி டம்ளரக் கூட கீழ வெக்கல.” குரல் உயரவில்லை. வேலாயுதம் பிடித்து உட்காரவைத்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு அவர் செத்துப்போனது முழுதாகப் பட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதாள்.

விசாரணைக் குறிப்பில் அந்த இடம் இப்படி இருந்தது: மனுதாரர் தமிழில் ஏதோ கூறினார். இப்பிரிவின் வரம்புக்குள் வராததால் பதிவு செய்யப்படவில்லை.

இதற்குள் மற்ற அலுவலகங்களுக்கும் மனுவின் நகல் போயிருந்தது. ஒவ்வொன்றும் அந்த வினைச்சொல்லைத் தனக்கு வேண்டிய விதத்தில் எடுத்துக்கொண்டது. பர்னபாஸ் வேலையை விட்டார், அது ராஜினாமா என்றது பணியாளர் பிரிவு. வீட்டை விட்டார் என்றது குடியிருப்புப் பிரிவு. மனைவியை விட்டார் என்றது நலப் பிரிவு. ஓடிப்போன கணவனைத் தேடித் தரும்படி போலீசில் புகார் கொடுத்துவிட்டு அதன் நகலோடு வரச் சொன்னது. விடுப்புத்தான் என்பதில் டைம் ஆபீஸ் உறுதியாக இருந்தது. அக்டோபரில் நான்கு பிரிவுகளும் நாகேஷின் தலைமையில் கூடின. காலையில் தொடங்கிய கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்து மறுபடி கூடியது. அகராதி ஆறு முறை வெளியே எடுக்கப்பட்டது. கடைசியில் நாகேஷ் ஒரு சிறு உரை நிகழ்த்தினார். கிருஷ்ணப்பா அதை எழுதி எடுத்தார்.

“நண்பர்களே, இந்தக் கம்பெனி நூற்றிருபது வருஷமா இங்கிலீஷ் பேசிட்டிருக்கு. இங்க ஆயிரக்கணக்கான பேர் வேலை செஞ்சிருக்காங்க, அடிபட்டிருக்காங்க, போய்ச் சேர்ந்திருக்காங்க. எல்லாரையும் நாம ஒழுங்கான இங்கிலீஷ்லதான் அடக்கம் செஞ்சிருக்கோம். ஒரு ஆள் போயிடலாம், இன்னொரு ஆள் வருவான். ஒரு வினைச்சொல்லை இழந்துட்டா திரும்பக் கிடைக்காது. நம்ம அகராதி நாலு அர்த்தமும் சரின்னு சொல்லுது. அகராதி சொன்ன பிறகு அதுல ஒண்ணை எடுத்து மத்ததை ஒதுக்க நாம யாரு?”

எல்லோரும் கை தட்டினார்கள். நான்கு பொருளும் ஏற்கப்பட்டன. அதன்படி பர்னபாஸ் மார்ச் ஒன்பதாம் தேதி அனுமதியின்றி விடுப்பில் சென்று, அந்த விடுப்பின்போது மனைவியைக் கைவிட்டு, வீட்டைக் காலி செய்து, வேலையையும் ராஜினாமா செய்திருந்தார். உயிரோடு இருந்தவரை ஒரு நாளில் இத்தனை காரியம் அவர் செய்ததில்லை.

அன்று ராத்திரி தனக்குச் சோறு இறங்கவில்லை என்று கிருஷ்ணப்பா பிற்பாடு சொன்னார். நவம்பரில் ஒரு மத்தியானம், நாகேஷ் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவர் தன் பேரிலேயே சீட்டு எழுதி, பியூனிடம் கெஞ்சி, அகராதியைத் திறந்தார். ‘லீவ்’ என்ற சொல் ஒன்றரைப் பக்கம் இருந்தது. விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டு போனார். ஒன்பதாவது பொருளில் விரல் நின்றது. ஒருவர் இறக்கும்போது தமக்குப் பின் இருக்கும்படி விட்டுச் செல்லுதல். உதாரண வாக்கியமும் இருந்தது. ஒருவர் ஒரு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுச் சென்றார்.

அன்று சாயங்காலம் பூதிகோட்டை பஸ்ஸை விட்டுவிட்டு அவர் மாரிகுப்பத்துக்கு வந்தார். “அம்மா, சிக்கிடுச்சு. அந்த வார்த்தைக்குள்ளயே சாவு இருக்கு. ஒன்பதாவது அர்த்தம். ஆர்தர் எளுதினது தப்பே இல்லை. செத்துப் போகும்போது உங்களை விட்டுட்டுப் போனார்னு அர்த்தம்.”

“அதத்தான சார் நான் மொதல்லயே சொன்னேன்,” என்றாள் இசபெல்லா.

“ஆமா. ஆனா இப்ப புக்குல இருக்கு.”

அவள் உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். எட்டு மாதத்தில் அந்த வீட்டில் ஒருவர் சிரித்துப் பேசியது அன்றுதான். வேலாயுதம் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து, அகராதியில் எத்தனையாவது பக்கம் என்று கேட்டுக் கையில் எழுதிக்கொண்டார்.

நாகேஷ் ஒன்பதாவது பொருளை மறுக்கவில்லை. அகராதியில் உள்ள எதையும் அவர் மறுத்ததில்லை. பாராட்டி, கிருஷ்ணப்பாவின் பணிப் பதிவேட்டில் ஒரு வரி எழுதவும் செய்தார். பர்னபாஸ் இறந்ததற்கு இலக்கண ரீதியாக இடம் இருக்கிறது என்று நான்கு பிரிவுகளுக்கும் குறிப்பு அனுப்பினார். அதன் கடைசி வரியில், இந்தப் பொருளை ஏற்றால் இறந்தவர் விட்டுச் சென்றவை எவை என்று நேரில் பார்த்துப் பட்டியல் எடுக்கவேண்டும் என்று இருந்தது.

ஜனவரியில் குடியிருப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இசபெல்லா வீட்டைப் பெருக்கி, பர்னபாஸின் படத்துக்குப் புதுப் பூ வாங்கிப் போட்டு வைத்திருந்தாள். அவர்கள் கட்டிலின் கீழே குனிந்து பார்த்தார்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். அவருடைய ஹெல்மெட்டைத் திருப்பி நம்பர் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். “உங்க வயசு என்னம்மா?” என்று ஒருவர் கேட்டார். நாற்பத்தொன்பது என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

உத்தரவு பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தது. வேலாயுதம் படிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார்.

“படிங்க தம்பி,” என்றாள்.

பர்னபாஸ் இறந்தது ஏற்கப்பட்டதாகவும், அவர் தம் மனைவியின் வாக்குமூலப்படியே கீழ்க்கண்டவற்றைக் கம்பெனிக்குச் சொந்தமான வீட்டில் விட்டுச் சென்றிருப்பதாகவும் உத்தரவு சொன்னது. இரும்புக் கட்டில் ஒன்று. டிரங்குப் பெட்டி ஒன்று. பாத்திரங்கள், சில்லறை. சிலுவை, மரம், ஒன்று. ஹெல்மெட் ஒன்று, கம்பெனிக்குச் சொந்தம். மனைவி ஒன்று, வயது நாற்பத்தொன்பது. ஊழியர்கள் விட்டுச் சென்ற பொருள்களைக் கம்பெனி வீடுகளில் வைத்திருக்க விதியில் இடமில்லாததால், ஹெல்மெட் நீங்கலாக மற்ற அனைத்தும் பிப்ரவரி இருபத்தெட்டுக்குள் அப்புறப்படுத்தப்படும்.

இசபெல்லா தாளை வாங்கித் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினாள். பெயர் இல்லை. ஆறாவது வரியை வேலாயுதம் விரல் வைத்துக் காட்டினார். அவள் வெகுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். எங்கே போவது என்று முடிவாகவில்லை. ஆனாலும் கட்டினாள்.

அந்த மாதம் வேறு ஒரு காரியம் நடந்தது. சுரங்கத்தையே மூடிவிடுவதாக மேலிடம் முடிவு செய்தது. நோட்டீஸ் கேட்டில் ஒட்டப்பட்டது. காலை ஷிஃப்டுக்குப் போனவர்கள் நோட்டீசைப் படித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். சிலர் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். ஆபீசில் கூட யாருக்கும் முன்னால் தெரியாது போலிருந்தது. நாகேஷ் அன்று பூராவும் மாடியிலிருந்து இறங்கவில்லை. பிரிவையும் கலைத்துவிட்டார்கள் என்றும், அகராதியை எந்தக் கணக்கில் ஒப்படைப்பது என்று அவர் நான்கு இடத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார் என்றும் பியூன் சொன்னார்.

மூடுவது குறித்து மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில் பதினான்கு கட்டளைகள் இருந்தன. பதினோராவது, நிலுவையிலுள்ள எல்லா விவகாரங்களையும் உள்ளபடியே லீவ் செய்யவும் என்றது. இந்த முறை அந்தச் சொல்லுக்கு யாரும் அகராதியைத் திறக்கவில்லை. அவசரத்தில் எல்லாக் கோப்புகளும் கட்டப்பட்டு அரக்கு வைக்கப்பட்டன. பன்னிரண்டாவது கட்டளை, பெயர்ப் பட்டியலில் உள்ள தொழிலாளர்கள் மறு உத்தரவு வரும்வரை அவரவர் வீடுகளில் தொடர்ந்து இருக்கலாம் என்றது.

பட்டியல் கேட்டில் ஒட்டப்பட்ட அன்று கிருஷ்ணப்பா இசபெல்லாவைத் தேடி வந்தார். சாக்குமூட்டைகள் கதவருகே இருந்தன. அவர் உட்காராமலேயே சொன்னார்.

“அம்மா, பட்டியல்ல பர்னபாஸ் பேரு இருக்கு.”

“எந்தப் பட்டியல்ல?”

“உயிரோட வேலையில இருக்கறவங்க பட்டியல்ல. உங்க கேஸ் நிலுவையில இருந்ததுனால பேரை எடுக்கவே இல்லை. இப்ப எல்லாத்தையும் இருக்கற மாதிரியே விடச் சொல்லி உத்தரவு. நீங்க எங்கயும் போகவேண்டாம். அவரு இருக்கற வரைக்கும் வீடு இருக்கும்.”

இசபெல்லாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. “அப்போ அவரு செத்ததுன்னு...”

“அந்த உத்தரவு கட்டுக்குள்ள போயிடுச்சு. யாரும் பிரிக்க மாட்டாங்க. நீங்களும் பிரிக்கச் சொல்லாதீங்க. நீங்க கேட்டா உங்களுக்கு விதவைன்னு பேரு கிடைக்கும். வீடு கிடைக்காது.” கிருஷ்ணப்பா கொஞ்சம் தயங்கினார். “கல்லறைக்குக் கல்லு வைக்கப் போறீங்கன்னு வேலாயுதம் சொன்னார். பேரு போட்டுக்கோங்க. பிறந்த வருஷமும் போட்டுக்கோங்க. மத்த தேதி வேண்டாம். யாராவது போட்டோ எடுத்துட்டுப் போனா கஷ்டம்.”

ஒரு வருடமாக அந்தக் கல்லுக்காகத்தான் அவள் சேர்த்துவைத்திருந்தாள். கிருஷ்ணப்பாவும் அந்த மாதத்தோடு வேலை போய் ஊரில் ராகி போடப் போகிறவர்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “என்னை மன்னிச்சிடுங்கம்மா. ஒன்பதாவது அர்த்தத்தை நான் கண்டுபிடிச்சிருக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் ஒன்பதாம் தேதி வருஷப் பூசை வந்தது. பாதிரியாரிடம் போய்ப் பெயரைச் சத்தமாக வாசிக்கவேண்டாம் என்று இசபெல்லா கேட்டுக்கொண்டாள். மரித்த ஒரு ஆன்மாவுக்காக என்று மட்டும் அவர் வாசித்தார். அவளும் வேலாயுதமும் இரண்டாவது பெஞ்சில் முழங்காலிட்டிருந்தார்கள். கல்லில் பெயரும் பிறந்த வருடமும் ஒரு சிறு கோடும் செதுக்கப்பட்டன. கோட்டுக்குப் பின்னால் கல் வழுவழுவென்று காலியாக இருந்தது. கொத்தனார் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று நினைத்து இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

அக்டோபர் மாதம் வீடுகளைச் சரிபார்க்க ஒரு ஆளை அனுப்பியிருந்தார்கள். எங்கோ பெங்களூரில் காண்ட்ராக்ட் எடுத்தவர்களின் ஆள். கழுத்தில் அட்டை தொங்கியது. ஒவ்வொரு கதவாகத் தட்டி, கையிலிருந்த ஃபாரத்தில் நிரப்பிக்கொண்டு வந்தார். காலை பதினோரு மணி இருக்கும்.

“பர்னபாஸ் இருக்காரா?”

இசபெல்லா கதவை முழுக்கத் திறக்கவில்லை. “வேலைக்குப் போயிருக்காரு.”

சுரங்கத்தில் கூண்டு இறங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியும் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஃபாரத்தில் வீட்டில் இருக்கிறார், வேலைக்குச் சென்றிருக்கிறார் என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. அவர் இரண்டாவதில் டிக் செய்தார்.

“எந்த ஷிஃப்ட்?”

“ஃபர்ஸ்டு.”

அதையும் எழுதிக்கொண்டு, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த கதவைத் தட்டினார். வேலாயுதம் லுங்கியோடு வந்து திறந்தார். அட்டை மாட்டிய ஆள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதல் கட்டத்தில் டிக் செய்து, பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கும்போது நீங்கள் மட்டும் ஏன் போகாமல் வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.